குளவி விடாத தோப்பு

எர்ணாவூர்க் குப்பத்துக் குப்பம்மாவுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதையாவது எமன் ஏறெடுத்துப் பார்க்காமல் போகட்டும் என்று பிறந்த அன்றே அவளைக் குப்பையில் கிடத்தி எடுத்து, அந்தப் பெயரை வைத்தார்கள். எமன் விட்டுவிட்டான். மற்ற கஷ்டமெல்லாம் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

புருஷன் ஜெயவேல் கட்டுமரத்தோடு கடலில் போனபின், காலடிப்பேட்டைக்காரர் ஒருவரின் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தாள். தோப்புக்குள்ளேயே குடிசை போட்டுக்கொண்டு மகள் பூவம்மாவோடு இருந்தாள். மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டுக் கீற்று முடைந்து விற்பாள். எங்கள் குப்பத்தில் அவள் கை படாத கூரை கிடையாது.

1927-இல் அந்தத் தோப்பில் கருந்தலைப் புழு விழுந்தது. ஓலைக்கு அடியில் கூடு கட்டிக்கொண்டு பச்சையைச் சுரண்டித் தின்கிற சனியன். யாரோ நெருப்பு வைத்த மாதிரி மரங்கள் காய்ந்து நின்றன. முடையப் போனால் ஓலை கையிலேயே பொடிந்தது. மரம் பட்டுப்போனால் வெட்டி விற்றுவிடுவேன், குடிசையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று தோப்புக்காரர் ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் விவசாய இலாகாவிலிருந்து தண்டபாணி என்று ஒருவர் வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த வாய் இருக்கிறதே! குளவி விட்டால் புழு ஒழியும் என்றார். கொட்டுமோ என்று குப்பம்மா பயந்தாள். கொசு அளவுதான் இருக்கும், மனுஷரைத் தொடாது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாரா? அது புழுவைத் தேடிப்போய்க் கொட்டி மேலேயே முட்டையிடும், குஞ்சு பொரித்துப் புழுவை உயிரோடு அரித்துத் தின்னும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். நன்றாகத் தின்னட்டும் என்று குப்பம்மா சிரித்தாள்.

சொன்னபடி அடுத்த வாரம் அவர் குளவிப் புட்டிகளோடு வந்தார். தோப்பு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. பூவம்மாவுக்கு அம்மை வார்த்திருந்தது.

அம்மை வார்த்த வீட்டில் வெளியாள் கால் வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, எந்த உயிரையும் கொல்லக் கூடாது. குடிசை உள்ளே இருப்பதால் தோப்பு முழுக்க அவளுக்கு வீடுதான். தண்டபாணி கெஞ்சினார். உள்ளே வரமாட்டேன், வேலிக்கு வெளியே நின்றே மூடியைத் திறக்கிறேன், அவை தாமே பறந்து போகும் என்றார். புட்டிக்குள் அதிக நாள் தாங்காது, அடுத்த ஈடு வளர்க்க நாளாகும் என்றும் சொன்னார்.

குப்பம்மா வேலிக்கு உள்ளே நின்று கேட்டாள். "அது புழுவைச் சும்மா தொரத்துமா சாமி, இல்ல கொல்லுமா?"

ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். "கொல்லும்" என்றார்.

"ஆத்தா வூட்டுக்குள்ள வந்து குந்திகினுகீறா. எறும்பைக்கூட மெதிக்காம நடந்துகினுகீறேன். இப்போ கொல்ல வுட்டா, எம் பொண்ணைத்தான் கேப்பா. எனக்கு மரமும் வோணும் சாமி. நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

வேலியோரம் நின்ற நாங்கள் யாரும் விடச் சொல்லத் துணியவில்லை. பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பழியை யார் சுமப்பது? தண்டபாணி புட்டிகளுக்குத் தன் குடையைப் பிடித்துக்கொண்டு, மனம் மாறுவாளா என்று வெயிலில் உட்கார்ந்திருந்தார். பொழுது சாய எழுந்து போனார்.

பூவம்மா பிழைத்தாள். கடைசித் தண்ணீரைத் தலைக்கு ஊற்றிய மறுநாளே குப்பம்மா அவரைத் தேடி ஓடினாள். புதுக் குளவிகளோடு அவர் வந்து சேர்ந்தபோது தோப்புக்காரரின் ஆட்கள் பாதி மரங்களைச் சாய்த்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லி அவர்களிடம் மன்றாடினார். கோடரிக்காரர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

சட்டி பானையோடு வெளியே நின்றபோது பூவம்மா கேட்டாள். "நான் படுக்காம இருந்திருந்தா மரம் இருந்திருக்குமா யம்மா?"

அம்மைத் தழும்பு மாறாத அந்தக் கன்னத்தில் குப்பம்மா ஓங்கி அறைந்தாள். அறைந்த கையாலேயே மகளை வாரி அணைத்துக்கொண்டு, இன்னொரு தபா அப்படிக் கேட்காதே, கேட்கவே கேட்காதே என்று அழுதாள்.