காட்டுக்கு நிலம் அரைத்தவள்

முதலில் குறைந்தது அவளுடைய பேச்சு.

என் மனைவி மலர் ஒரே மூச்சில் கதைப்பவள். மூதூருக்குப் போய்வந்த கதையைத் தொடங்கினால், பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கியது வரை நடுவில் யாரும் வாய் திறக்க முடியாது. அப்படிப்பட்டவள் ஒரு வசனத்தை இரண்டாக உடைத்துப் பேசத் தொடங்கியபோது, எனக்கு அது நோயென்று படவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்தேன். பதிலுக்கு நானும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இரண்டு கிழமை திரிந்தேன். அந்த இரண்டு கிழமையை இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

வீட்டில் மூச்சுக்குத் திணறும் ஒருவரை வைத்துக்கொண்டு, காரணம் தெரியாமல் கிளினிக்குக் கிளினிக் அலைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் எட்டு மாதம் அலைந்தோம். அலைய வைத்தது மருத்துவர்கள் அல்ல, நான்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் விட்டதுதான் இவ்வளவுக்கும் காரணம். நான் காடு செய்கிறவன். வெளிநாடுகளில் பெரியவர்கள் மேசைமேல் விளையாடும் போர் விளையாட்டு ஒன்று இருக்கிறது. பெருவிரல் உயரப் பொம்மை வீரர்களை நகர்த்தி, பகடை உருட்டி விளையாடுவார்கள். அந்த வீரர்கள் ஒளிந்துகொள்ளக் காடு வேண்டும். பழைய வயரின் செப்புக் கம்பிகளை முறுக்கி மரம் செய்வேன். ஸ்பொஞ்சைத் தூளாக்கிப் பச்சைச் சாயமிட்டு இலை ஒட்டுவேன். ரிஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் மேடு பள்ளம் செதுக்கி மரங்களை நடுவேன். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து, நான் கண்ணால் காணாத நாடுகளுக்கெல்லாம் காடு போனது.

ஊரில் யாராவது கேட்டால், "ஒன்லைன்ல ஒரு வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். நாற்பத்தாறு வயது மனிதன் பொம்மைக்கு மரம் நடுகிறான் என்று தெரிந்தால் சிரிக்கமாட்டார்களா?

மரம் என்னுடையது. நிலம் மலருடையது. காட்டின் தரைக்கு உக்கிய இலைச்சருகு வேண்டுமல்லவா? அதற்கு நாங்கள் பாவித்தது தேயிலைச் சக்கை. இறங்குதுறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில், வடித்த சக்கையை எங்களுக்கென்று வாளியில் எடுத்து வைப்பார்கள். மலர் அதைக் காயவைத்து, குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறையில் கிரைண்டரில் அரைத்து, அரிதட்டில் மூன்று தரமாக அரிப்பாள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிடவேண்டும். காற்றுப் பட்டால் மெல்லிய தூள் பறந்துபோகும். அந்த மெல்லிய தூள்தான் எனக்கு வேண்டியது. சாத்தச் சொன்னவன் நான்தான்.

ஒரு மாரியில் சக்கை சரியாகக் காயவில்லை. பைக்குள் கிடந்து வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வீசுவதற்கு மனமில்லாமல் அரைக்கச் சொன்னேன். வந்த நிறத்தைப் பார்த்து அசந்துபோனேன். சாம்பலும் மண்ணிறமும் கலந்து, அசல் காட்டுத்தரை. எந்தச் சாயத்தாலும் அந்த நிறத்தைக் கொண்டுவர முடியாது. வாங்கியவர் மரங்களை விட்டுவிட்டு நிலத்தைப் பற்றி நீளமாகப் புகழ்ந்து எழுதினார். அதன்பிறகு நான் வேண்டுமென்றே சக்கையை ஈரத்தோடு கட்டிவைத்துப் பூக்கவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, இது ஒரு மாதிரி மணக்குது" என்றாள் மலர்.

"காடும் அப்பிடித்தான் மணக்கும்" என்றேன். என் பகிடிக்கு நானே சிரித்தும் கொண்டேன்.

பேச்சு உடைந்த சில வாரங்களில் இருமல் வந்தது. சில நாட்களில் பின்னேரமானால் குளிரும் காய்ச்சலும் வரும், விடியப் போய்விடும். அவை எல்லாம் அரைத்த நாட்கள் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. துணி காயப்போடக் கையைத் தூக்கினால் களைத்தாள். எங்கள் ஊருக்குள் திரிந்து முற்றத்தில் வந்து நிற்கும் மான்களை விரட்டக்கூட எழும்பவில்லை. அவை அவளுடைய செவ்வரத்தைப் பூக்களை நிம்மதியாகத் தின்றன.

முதல் கிளினிக்கில் மருத்துவர் மலரைப் பார்த்துத்தான் கேட்டார். "என்ன வேலை செய்யிறனீங்கள்?"

அவள் மூச்சை எடுத்து வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "வேலை ஒண்டும் இல்லை டொக்டர். வீட்டில சும்மாதான் இருக்கிறா."

மலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். போகிற ஆஸ்பத்திரிக்கெல்லாம் கொண்டுபோகவேண்டிய கிளினிக் கொப்பியில் மருத்துவர் அதை எழுதினார்.

தொய்வு (ஆஸ்துமா) என்றார்கள். மூச்சோடு இழுக்கிற மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. காசநோயாக இருக்குமோ என்று மூன்று முறை சளி சோதித்தார்கள், இல்லை என்று வந்தது. இடையில், கடலுக்குத் தள்ளிக் கிளிவெட்டியில் இருக்கும் அவளுடைய தமக்கை வீட்டுக்கு மலரை அனுப்பினேன். பத்து நாளில் முகம் தெளிந்து, பழையபடி நீட்டிக் கதைத்தாள். கடல் காற்றுத்தான் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே தீர்ப்புச் சொன்னோம். திரும்பி வந்தவள் சேர்ந்து கிடந்த மூன்று பை சக்கையையும் ஒரே கிழமையில் அரைத்து முடித்தாள். நான்தான் ஒரு பெரிய காட்டுக்கு நாள் குறித்துக்கொடுத்திருந்தேன்.

எட்டாம் நாள் பகல், குசினி வாசலைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டாள். நகங்கள் நீலமாகியிருந்தன. "ஏலாமக் கிடக்கு" என்றாள். அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் அவளுடைய நெஞ்சு நாலைந்து தரம் ஏறி இறங்கியது.

ஒட்சிசனோடு அம்புலன்சில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நுரையீரலை மெல்லிய துண்டு துண்டாகப் படம் பிடிக்கும் ஸ்கான் எடுத்தார்கள். மறுநாள் வார்ட்டுக்கு வந்த பெண் மருத்துவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "நீங்கள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ. அவ கதைக்கட்டும்" என்றார்.

நடையில் நின்றேன். நீண்ட நேரம் பிடித்தது. அவள் ஒவ்வொரு சொல்லாகத்தானே சொல்லவேண்டும்.

உள்ளே கூப்பிட்டபோது மருத்துவரின் முகத்தில் கோபம் தெரிந்தது. "உங்கட மனுசி நாலு வருசமாப் பூஞ்சணம் பிடிச்ச தூள் அரைக்கிறா. மூண்டு ஆஸ்பத்திரியில வேலை இல்லை எண்டு எழுதியிருக்கு. ஆர் சொன்னது?"

"நான்தான்."

அவர் அதற்குமேல் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

நோய்க்குப் பெயர் அதிஉணர்வு நுரையீரல் அழற்சி (மூச்சோடு போகும் தூசியை எதிரியாக எண்ணி, நுரையீரல் தானே வீங்கிப் புண்படுவது). எல்லோருக்கும் வராது, அவளுக்கு வந்தது. ஆரம்பத்திலேயே தூசியை நிறுத்தியிருந்தால் முழுக்க மாறியிருக்கக்கூடும். எட்டு மாதம் பிந்தியதில் நார்த்தழும்பு (மெத்தென்ற நுரையீரல் தழும்பேறி இறுகுவது) விழுந்துவிட்டது. வீக்கம் மருந்துக்கு வற்றும், தழும்பு போகாது. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை என் காதில் வைத்து அவளுடைய முதுகைக் கேட்கச் சொன்னார். ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் காய்ந்த சருகை மிதிக்கிற சத்தம் கேட்டது. காய்ந்த சக்கையைக் கையில் நொறுக்கிப் பார்த்த எனக்கு அந்தச் சத்தம் பழக்கமானது.

ஸ்டீரொய்ட் மாத்திரை (வீக்கத்தை அடக்கும் மருந்து) அவள் முகத்தை வட்டமாக்கியது. கண்ணாடியில் பார்த்து, "இது ஆர் இந்த... மனுசி" என்றாள். நித்திரை போனது, பசி கூடியது, இரத்தத்தில் சீனி ஏறிச் சீனி வருத்தமும் எட்டிப் பார்த்தது. வீக்கம் வற்றியது உண்மை. ஆறு வாரத்தில் நீல நகங்கள் பழைய நிறத்துக்கு வந்தன.

அவள் வீடு திரும்புமுன் நான் சக்கை, கிரைண்டர், அரிதட்டு, அரைவாசி முடிந்த காடு, அலுமாரியில் அழகுக்கு வைத்திருந்த முதல் காடு எல்லாவற்றையும் கொண்டுபோய் எறிந்தேன். சுவரைக் கழுவி வெள்ளை அடித்தேன். பெரிய பரிகாரம் செய்துவிட்டதாக ஒரு நினைப்பு. மலர் வந்து வெறும் அலுமாரியைப் பார்த்தாள்.

"அதையும்... எறிஞ்சனீங்களோ?"

"உனக்காகத்தானப்பா."

"என்னட்ட... ஒரு சொல்... கேட்டனீங்களோ?"

அழுதால் மூச்சு முட்டும் என்பதால் அழுகையையும் அவள் அளந்துதான் அழவேண்டியிருந்தது. நான் அப்போதுதான் அழுதேன். அந்த நிலத்தில் எந்தக் கறுப்பு எங்கே வரவேண்டும், ஈரம் எங்கே தெரியவேண்டும் என்று தீர்மானித்தவள் அவள். வாங்கியவர்களுக்கு நான் எழுதிய ஒரு கடிதத்திலும் அவள் பெயர் இல்லை. இரண்டாம் முறையும் அவளைக் கேட்காமலே அவளுக்காக முடிவெடுத்திருந்தேன்.

உங்களில் இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நோயாளி விடிந்ததிலிருந்து படுக்கும் வரை எதைத் தொடுகிறார், எதை அரைக்கிறார், எதைத் தட்டுகிறார் என்று எழுதிக்கொண்டு போங்கள். அற்பமாகத் தோன்றுவதையும் எழுதுங்கள். அவர் பதில் சொல்லும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் தூரமும் நேரமும் வேறு. கட்டிலிலிருந்து குசினி, நடுவில் ஒரு கதிரை. குசினியிலிருந்து கிணற்றடி, நடுவில் இரண்டு கதிரைகள். படுக்கும்போது ஒட்சிசன் மெசின் ஓடவேண்டும். என் காது அவளுடைய மூச்சைத்தான் மணிக்கூடாக வைத்திருக்கிறது. தேத்தண்ணி கொதிக்கும் மணம் வந்தால் நான் எழும்பிப்போய் ஜன்னலைத் திறக்கிறேன். அவள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல வாங்கிக் குடிக்கிறாள்.

போன மாதம் கிளினிக்கில் புது மருத்துவர். இளம் வயது. கொப்பியைத் திறந்தபடியே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"அம்மா, என்ன வேலை செய்யிறனீங்கள்?"

மலர் மூச்சை எடுத்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் பொறுமையிழந்து என் பக்கம் திரும்பினார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"காடு செய்தனான்" என்றாள் அவள்.

மருத்துவரின் பேனை நின்றது. மலர் இன்னொரு மூச்சு எடுத்தாள்.

"நிலம் மட்டும்." பிறகு இன்னுமொரு மூச்சு. "மரம்... இவர்."

இவ்வளவையும் அவள் சொல்லி முடிக்க மூன்று மூச்சுக்குமேல் பிடித்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மருத்துவர் எழுதினார்.