மூக்கம்மா கையெழுத்துப் போட்ட தொட்டி

2006-ஆம் வருஷம் தீபாவளி சனிக்கிழமையில் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அழகுமலை கொடைக்கானலை விட்டுக் கிளம்பினான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்த்துவிடுவதாக மச்சான் சொல்லியிருந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், ஒன்பது வருஷம் வேலை பார்த்த சுப்புராஜ் ஹோட்டலின் பின்வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"வாறேன் மாஸ்டர். வாறேன் சிலோன் அக்கா."

"போயிட்டு வாடா. அங்க போயி வேர்த்து வேர்த்தே கரைஞ்சுராத" என்றார் பரோட்டா மாஸ்டர் செல்லப்பாண்டி, மாவை அடித்துக்கொண்டே.

"கரையட்டும் மாஸ்டர். இந்தக் குளிர்ல வெறச்சுக் கெடந்ததுக்கு அதுவே தேவல." தோளில் கிடந்த கம்பளியை எடுத்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மூக்கம்மாவிடம் நீட்டினான். "நீங்க வச்சுக்கங்க அக்கா. அங்க இதப் போத்துனா சிரிப்பாங்க."

கம்பளியைக் கொடுத்தவன் தன் வேலையை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு வாரம் கழித்துத்தான், "ஏப்பா, அந்தத் தொட்டியை யாரு பாக்குறது?" என்று கல்லாவிலிருந்து சுப்புராஜ் கேட்டார்.

தொட்டி என்றால் பின்கட்டில், கழுவுகிற இடத்துக்கு வெளியே தரையோடு தரையாக இருந்த சிமெண்டுத் தொட்டி. உள்ளே மூன்று அறைகள். பாத்திரம் கழுவின தண்ணீர் முதல் அறையில் விழும். சோறும் எலும்பும் அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும், நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும் தடுப்புக்கு அடியில் நுழைந்து அடுத்த அறைக்குப் போகும். மூன்றாவது அறைக்கு வரும்போது எண்ணெய் இருக்கக் கூடாது. அங்கிருந்து குழாய் வழியாகச் சந்துக்கு அடியில் இறங்கி நகராட்சிச் சாக்கடையில் சேரும். ஹோட்டல் வைத்திருக்கிறவர்கள் இப்படி ஒரு தொட்டி கட்ட வேண்டும், வாரம் ஒரு தடவை எண்ணெயை அள்ள வேண்டும், அள்ளினவர் பெயரும் தேதியும் நோட்டில் இருக்க வேண்டும் என்று நகராட்சியில் சொல்லியிருந்தார்கள். டால்டாவும் சால்னாவும் ஆட்டுக் கொழுப்புமாக ஓடுகிற ஹோட்டலில் ஒரு வாரத்துக்குள் மேலே இரண்டு விரல் கனத்துக்கு ஆடை பிடித்துவிடும். அழகுமலை மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து வாளியோடு உட்கார்ந்தால், அந்த நாற்றத்துக்குச் சந்தில் போகிற நாய்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும்.

செல்லப்பாண்டி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அவருக்கு மதுரைப் பக்கம். வேலைக்காக மலையேறி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.

"பாத்திரத்துல பிசுக்குப் போக என்ன செய்யுறோம்? வெந்நி ஊத்துறோம்ல. தொட்டியும் ஒரு பாத்திரந்தான்."

இரண்டு அண்டா கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். ஆடை உருகி, கலங்கி, சுழன்று, கண்ணெதிரே காணாமல் போனது. தொட்டி பளிச்சென்று ஆனது. சுப்புராஜ் வந்து பார்த்து அசந்துபோனார்.

"அட, இத்தன வருஷம் இது தெரியாமப் போச்சே!"

நோட்டு மிச்சம் இருந்தது. அதில் யாராவது கையெழுத்துப் போட வேண்டுமே. செல்லப்பாண்டிக்குக் கை முழுக்க மாவு. நோட்டு மூக்கம்மாவிடம் வந்தது.

"இந்தாங்க அக்கா, இந்தக் கட்டத்துல உங்க பேரு போடுங்க."

மூக்கம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டாள். என்ன, ஏது என்று கேட்கவில்லை. கேட்டுப் பழக்கம் இல்லை. இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்து, எட்டு வயதில் அம்மா அப்பாவோடு கப்பலேறி வந்தவள் அவள். கப்பலுக்கு ஒரு தாள், மண்டபம் முகாமில் அரிசிக்கு ஒரு தாள், மலைக்கு அனுப்பும்போது இன்னொரு தாள். யாரோ ஒருவர் விரல் வைத்துக் காட்டுவார், அப்பா அங்கே பெருவிரலை அழுத்துவார். அந்தத் தாள்களில் என்ன எழுதியிருந்தது என்று அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எழுதினதற்குச் சரி என்று சொன்னால்தான் அடுத்த வேளைச் சோறு என்பது மட்டும் தெரியும். மூக்கம்மா நாலாம் வகுப்புவரை படித்தவள். அப்பாவைப் போல் பெருவிரலை அழுத்த வேண்டியதில்லை, பெயரை எழுத வரும் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அஞ்சு எழுத்தையும் நிறுத்தி நிதானமாக, 'ம்' மேல் புள்ளியை மறக்காமல், ஆறு வாரம் ஆறு கையெழுத்துப் போட்டாள். தொட்டி மூடியை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில், சந்து இறங்குகிற இடத்தில் இருந்த சாக்லேட் கடை வாசலில் சாக்கடை பொங்கியது. டூரிஸ்டுகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். சாக்லேட் கடைக்காரர் மனுக் கொடுக்க, சுகாதார ஆய்வாளர் முருகவேல் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"தொட்டியைத் தெறங்க."

செல்லப்பாண்டி ராஜாவைப் போலத் திறந்து காட்டினார். "பாத்துக்கங்க சார். கண்ணாடி. குனிஞ்சு தலை சீவலாம்."

முருகவேல் குனிந்தார். தலை சீவவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தன பரோட்டா?"

"நாநூறு போகும் சார். சனி, ஞாயிறுன்னா அறுநூறு."

"அப்ப எண்ணெய் எங்கய்யா?"

முருகவேல் நோட்டை வாங்கிப் புரட்டினார். "மூக்கம்மாங்கறது யாரு?"

"நாந்தாங்க."

"வாரா வாரம் அள்ளியிருக்கீங்க. அள்ளுனதை எங்க வச்சிருக்கீங்க?"

மூக்கம்மா முதலாளியைப் பார்த்தாள். முதலாளி கல்லாச் சாவியைப் பார்த்தார். மாஸ்டர் பரோட்டாக் கல்லைப் பார்த்தார்.

மாலைக்குள் நோட்டீஸ் வந்துவிட்டது. பதினாலு நாளில் சரிசெய்யாவிட்டால் சமையல்கட்டுக்குப் பூட்டு. கிறிஸ்துமஸ், நியூ இயர் கூட்டத்தை நம்பி இருந்தவர்கள் பதினொரு பேர். சுப்புராஜ் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். பயத்தில் அவர் வாயில் வந்தது இதுதான்: "நோட்டுல மூக்கம்மா பேருதான இருக்கு. என்ன அள்ளுச்சோ, எங்க கொட்டுச்சோ. அதைத்தான் வேலைய விட்டு நிப்பாட்டணும்."

வீட்டுக்குத் திரும்புகிற பெருமாள்மலை பஸ்ஸில் மூக்கம்மா கணவன் வீரையாவிடம் சொன்னாள். அவன் வில்பட்டியில் கேரட் பிடுங்கிவிட்டு ஏறியிருந்தான், நகக்கண்ணெல்லாம் மண்.

"சும்மா விடு. கழுவுறதுக்கு வேற கடையா இல்ல? எச்சித்தட்டு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்."

"போனா, அள்ளாம அள்ளுனேன்னு போட்டவங்கற பேரோடதான போகணும்?"

"பேரு என்ன, சோறா போடுது?"

"இன்னிக்கு அதுதான சோத்தைப் புடுங்குது" என்றாள் மூக்கம்மா. ஜன்னலுக்கு வெளியே பனிதான் இருந்தது, வீரையா அதைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் அவள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். சுப்புராஜ் கடை திறந்து ஊதுவத்தி பொருத்திக்கொண்டிருந்தார். மூக்கம்மா ராத்திரிச் சால்னாச் சட்டியைக் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"பாருங்க முதலாளி. தண்ணியாத்தான இருக்கு?"

"ஆமா."

அதைக் கொண்டுபோய்ப் பின்கட்டுக் கல்லின்மேல் வைத்தாள். திரும்பி வந்து, "தேத்தண்ணி போடவா?" என்றாள். இருபத்தஞ்சு நிமிஷம் ஆற அமரத் தேநீர் குடித்தார்கள். சுப்புராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் குடித்தார். பிறகு தம்ளரை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். மேலே வெள்ளையாக மூடிபோட்டிருந்தது. கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"மாஸ்டர் ஊரா இருந்தா வெந்நியோட வெந்நியாப் போயிருக்கும். இது நம்ம ஊரு. தொட்டியை விட்டுத் தாண்டுறவரைக்குந்தான் சூடு. லாட்ஜு செவத்துக்கிட்ட குழாய் திரும்புது பாருங்க, அங்க வெயிலே விழாது. அங்கதான் ஒறஞ்சு கெடக்கும். தோண்டிப் பாருங்க. இல்லைன்னா நானே நின்னுக்குறேன், நீங்க நிப்பாட்ட வேணாம்."

சுப்புராஜ் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது தெரிஞ்சா வாயை மூடிக்கிட்டு இருந்த?"

"தெரியாதுங்க. நேத்து பஸ்ஸுல வரயிலதான் ரோசிச்சேன். வெந்நி ஊத்துறதப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், ஏன்னு கேக்கல. தெறக்காத தொட்டிக்குக் கையெழுத்துப் போட்டேன் பாருங்க, அது என் தப்பு. அதை அந்த ஆபீசர்கிட்ட நானே சொல்லுறேன்."

சொன்னாள். முருகவேல் இரண்டு ஆட்களை வைத்து லாட்ஜுச் சுவர் ஓரம் தோண்டச் சொன்னார். குழாயை உடைத்ததும் உள்ளே மெழுகுவத்தி வார்த்த மாதிரி, முழங்கை நீளத்துக்குக் கட்டி கட்டியாக வந்தது. செல்லப்பாண்டி ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"என்னா மாஸ்டர், உங்க சால்னாதானா?" என்றார் முருகவேல்.

"மசாலா வாசம் நம்மளுதுதான் சார்" என்றார் செல்லப்பாண்டி, வெட்கத்தோடு.

புதுக் குழாய் போட்டதும் தொட்டியை மூக்கம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். ரப்பர் கையுறை, முழங்கால்வரை பூட்ஸ், தட்டையான ஒரு மண்வெட்டி. இவற்றோடு ஒரு நிபந்தனையும் வைத்தாள். வெள்ளிக்கிழமை வெள்ளனே அவள் தொட்டியை முடிக்கிறவரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, ஒரு சொட்டு வெந்நீர் உள்ளே இறங்கக் கூடாது. அழகுமலை மத்தியானம் குழம்பும் கூழுமாக அள்ளிக்கொண்டு கிடந்ததை, அவள் விடியற்காலைக் குளிரில் அல்வாத் துண்டு போடுகிற மாதிரி வெட்டி எடுத்தாள். கல்லாக உறைந்திருந்ததால் நாற்றமும் இல்லை. துண்டுகளை டிரம்மில் அடுக்கி மூடி வைத்தால் வத்தலக்குண்டு சோப்புக் கம்பெனி வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது.

செல்லப்பாண்டி தீப்பெட்டியும் கையுமாக வாசலில் நிற்பார். "அக்கா, பத்த வைக்கட்டா?"

"இருங்க."

"மாவு காயுது அக்கா."

"காயட்டும். அடியில எலும்பு கெடக்கு. நீங்கதான போட்டீங்க?"

"சிலோன்ல கங்காணியா இருந்தீங்களோ!"

"கங்காணி அடிப்பாரு. அடிக்கட்டுமா?"

கெடு முடிகிற பதினாலாம் நாள், புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் முருகவேல் வந்து நின்றார். அள்ளி அஞ்சு நாள் ஆகியிருந்தது. நடுவில் ஒரு கல்யாணக் கூட்டம் வேறு வந்து சாப்பிட்டுப் போயிருந்தது. செல்லப்பாண்டி மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று தடித்த ஆடை. முருகவேல் முன்னால் கல்லாவில் பேசிக்கொண்டிருக்க, இவர் கொதிக்கிற அண்டாவைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி வந்தார்.

மூக்கம்மா தொட்டி மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிங்க அக்கா! வந்துட்டாரு! வெரசா!"

"ஊத்துங்க. என் தலையில ஊத்துங்க."

"பூட்டிருவாங்க அக்கா!"

"ஊத்துனாத்தான் பூட்டுவாங்க. கொண்டுபோயி அரிசியப் போடுங்க, போங்க."

முருகவேல் வரும்போது ஒருவர் அண்டாவோடும் ஒருத்தி மூடிமேலும் இருந்தார்கள். அவள் எழுந்தாள். மூடியைத் திறந்தார்கள். சுப்புராஜ் கண்ணை மூடிக்கொண்டார். முருகவேல் பேனாவைத் தலைகீழாகப் பிடித்து ஆடையில் குத்தினார். பேனா நின்றது. பிறகு மூன்றாவது அறையைத் திறக்கச் சொன்னார். தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. ஒரு எண்ணெய்ப் பொட்டு இல்லை.

"இன்னைக்குத்தான்யா இந்தத் தொட்டி சோலி பாக்குது" என்றார். நோட்டைப் புரட்டினார். இரண்டு வெள்ளிக்கிழமைக்கு இரண்டே கையெழுத்து. அதற்கு மேலே இருந்த ஆறு கையெழுத்தையும் மூக்கம்மாவே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'அள்ளவில்லை' என்று எழுதியிருந்தாள்.

"இது யாரு அடிக்கச் சொன்னது?"

"நான்தாங்க அடிச்சேன். என் பேருதான."

முருகவேல் நோட்டை மூடிக் கொடுத்தார். பூட்டு இல்லை என்றார். ஆனால் நோட்டீஸை உடனே எடுக்க முடியாது, பார்த்துக்கொண்டே இருப்பேன், இன்னொரு தடவை பொங்கினால் அன்றைக்கே சீல் என்றும் சொன்னார். நோட்டீஸ் கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. கிறிஸ்துமஸ் கூட்டம் வந்தது, போனது. மே மாத சீசனில் நிற்க இடமில்லாமல் ஜனம் வந்தது. முருகவேல் சில மாதம் இரண்டு தடவை வருவார், சில மாதம் வரவே மாட்டார். மூக்கம்மா அவருக்காக வெள்ளிக்கிழமையை மாற்றிக்கொண்டதில்லை. காய்ச்சல் வந்த ஒரு வாரம், 'அள்ளவில்லை, சனிக்கிழமை அள்ளியது' என்று நோட்டில் எழுதினாள். சுப்புராஜ் அதைப் பார்த்துப் பதறி, "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்றார். "நடந்ததுதான முதலாளி" என்றாள்.

அந்த விடியற்காலை வேலை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. சந்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. மண்வெட்டி உறைந்த ஆடையில் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்கும். முடித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, "பத்த வைங்க மாஸ்டர்" என்று அவள் சொன்ன பிறகுதான் ஹோட்டலுக்கு அன்றைய பொழுது விடியும்.

2008 ஜூலையில், சாரல் பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், நகராட்சி ஆள் ஒரு பழுப்பு உறையைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனார். சுப்புராஜ் கிழித்து, ஒரு தடவை மனசுக்குள் படித்தார். பிறகு கல்லாவை விட்டு எழுந்து, கழுவுகிற இடத்துக்கு வந்து, நுரைக்கையோடு நின்ற மூக்கம்மாவுக்கு எதிரே நின்று சத்தமாக வாசித்தார்:

"பார்வையில் கண்ட தங்கள் உணவகத்தின் கழிவுநீர்த் தொட்டி கடந்த பத்தொன்பது மாதங்களாக முறையாகப் பராமரிக்கப்பட்டு வருவது தணிக்கையில் தெரியவருகிறது. எனவே 2006 டிசம்பரில் வழங்கப்பட்ட அறிவிப்பு இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது. தொட்டியின் பொறுப்பாளராக இவ்வலுவலகப் பதிவேட்டில் திருமதி வீ. மூக்கம்மா அவர்களின் பெயர் சேர்க்கப்பட்டுள்ளது."