ஷைனி பார்த்த ஒத்திகை

ஷைனிக்கு வீடு மும்பை சீத்தா கேம்ப். பி.எஸ்சி. முடித்துவிட்டு இரண்டு வருடம் ஐரோலியில் ஒரு கால் சென்டரில் இருந்தாள். முகம் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வீட்டுப் பக்கத்துச் சின்னப் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தாள். ஆசிரியர் சான்றிதழ் கிடையாது. ஜூனுக்குள் வாங்காவிட்டால் வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

டிகிரி முடித்து வேலையில் இருப்பவர்களுக்கென்று செம்பூரில் ஒரு பயிற்சி நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதான் வகுப்பு. அங்கேதான் எனக்கு அவள் பழக்கம். இரண்டு பேர் வீட்டிலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நாங்கள்தான். எதற்காக டீச்சராகப் போகிறாய் என்று கேட்டால் எனக்கு இன்னும் சரியாகப் பதில் சொல்ல வராது. அவள் யோசிக்காமல் சொல்வாள்: “பிள்ளைங்க கேள்வி கேக்கும்லா, அது பிடிக்கும்.”

பயிற்சியின் முடிவில், அவரவர் பள்ளியிலேயே நடத்திக் காட்டும் தேர்வுப் பாடம் ஒன்று உண்டு. தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். கூடப் படிப்பவர் ஒருவரும் உட்கார வேண்டும். ஷைனிக்கு நான் உட்கார்ந்தேன். தேர்வாளர் மாட்டுங்காவிலிருந்து வந்த ஷ்யாமளா மேடம்.

ஆறாம் வகுப்பு. நீர் ஆவியாவது பற்றிய பாடம். ஷைனி ஈரக் கைக்குட்டை ஒன்றை எடுத்தாள். அவள் வாய் திறப்பதற்குள் முன்பெஞ்ச் சாஹில் எழுந்துவிட்டான்.

“வெயில்ல சீக்கிரம் காயும் மிஸ். காத்துலயும். விரிச்சுப் போடணும்!”

“நான் இன்னும் கேக்கவே இல்லையேப்பா.”

“கல் பூச்சா தா நா மிஸ், நேத்துதான் கேட்டீங்களே!”

“இப்ப மிஸ் அதப் பிழிவாங்க பாரு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது.

முந்தின நாள் முழுப் பாடத்தையும் நடத்தி ஒத்திகை பார்த்திருக்கிறாள். எங்களில் பாதிப் பேர் செய்வதுதான், ஆனால் வேறு பிரிவில் செய்வோம். அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஒரே பிரிவுதான்.

ஷ்யாமளா மேடத்தின் பேனா நின்றது. “ஏற்கெனவே நடத்தியாச்சா?”

“ஆமா மேடம். பயத்துல ஒரு வாட்டி எடுத்துப் பாத்தேன்.”

“அப்போ இன்னிக்கு என்ன நடத்தப்போறேள்?”

நானாக இருந்தால் அழுதிருப்பேன். ஷைனி கைக்குட்டையை மடித்து மேசையில் வைத்தாள்.

“சரி, எல்லாம் தெரிஞ்ச பெரிய மனுசங்களே, இதச் சொல்லுங்க. மழைக்காலத்துல காத்து நல்லா அடிக்கி. விரிச்சுதான் போடுதோம். அப்பறம் ஏன் யூனிஃபார்ம் காய மாட்டேங்கு?”

உடனே சண்டை தொடங்கியது. வெயில் இல்லை, அதனால்தான் என்றாள் ஒருத்தி. “ராத்திரியிலயும்தான் வெயில் இல்ல, மே மாசம் காயுதே?” என்றான் சாஹில். தங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போட்டுக் காயவைப்பதாக இன்னொருத்தி சொன்னாள். ஜெனி என்ற பெண் தயங்கி எழுந்தாள். “காத்துல ஏற்கெனவே தண்ணி ஃபுல்லா இருக்கு மிஸ். காலைல மான்குர்டு டிரெய்ன் மாதிரி. இன்னும் எப்படி ஏறும்?”

ஷைனி கரும்பலகையில் டிரெய்ன் பெட்டியே வரைந்துவிட்டாள். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

“மார்க்கெல்லாம் இப்போ சொல்லப்படாது,” என்றார் ஷ்யாமளா மேடம், கிளம்பும்போது. “நிம்மதியா சாப்பிடப் போங்கோ.”

மே மாதம் முடிவு வந்தது. ஷைனி தன் அம்மா தெரசம்மாளுக்கு போன் போட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் குரல் எனக்கே கேட்டது.

“பாஸாயிட்டியாட்டி?”

“பாஸும்மா.”

“வேலை?”

“இருக்கும்மா.”

“ஸ்தோத்திரம். அப்ப வரும்போது மீன் வாங்கிட்டு வா.”