ஒன்பதுக்கு ஏழு

பூட்டுக்காரருக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மச்சானோடு பில்லியர்ட்ஸ் மேசையில் சரிக்குச் சமமாக நின்று ஆட வேண்டும். ஜெயிக்கக்கூட வேண்டாம். சலுகை கேட்காமல், உரிமையோடு ஆட வேண்டும். அவ்வளவுதான்.

அவருடைய கடை ஒரு கதவின் அகலம். பின்சுவர் முழுக்க ஆணி ஆணியாக வெட்டாத சாவிகள் தொங்கும். முன்னால் சாவி வெட்டும் இயந்திரம், ஒரு முக்காலி, முக்காலியில் அவர். நாள் முழுதும் பித்தளைத் தூள் மடியில் உதிர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் யாராவது மூச்சிரைக்க ஓடிவந்து, "சாவியை உள்ள வச்சுப் பூட்டிட்டேங்க" என்பார்கள். "நல்லவேளை, நீங்களாவது வெளியில இருக்கீங்களே" என்றபடி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். இருபத்தைந்து வருடமாக இதே நகைச்சுவைதான். கதவு திறந்தாக வேண்டுமே, வந்தவர்களும் சிரித்து வைப்பார்கள்.

மச்சான் என்பது மனைவியின் அண்ணன். பூட்டுக்காரரைவிட ஏழு வயது மூத்தவர். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை. மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்குவார். பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள்தான் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்குப் பேசும். "இந்த ஊர்ல பாதிப் பேர் என் பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறாங்க" என்பார்.

கல்யாணமான இரண்டாவது ஞாயிறு மத்தியானம் மச்சான் வந்து புது மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். டயர் கடைக்கு மேல் மாடியில் மூன்று மேசை போட்ட கூடம். "என் தங்கச்சி புருஷன் ஜெயிச்சா எப்படி இருப்பான்னு எனக்குத் தேவையில்ல. தோத்தா எப்படி இருப்பான்னு பார்க்கணும்" என்றார். பூட்டுக்காரர் அன்று வரிசையாக ஒன்பது ஆட்டம் தோற்றார். ஒவ்வொரு முறையும் பந்துகளைப் பொறுக்கி முக்கோணத்தில் அடுக்கிவிட்டு, "அடுத்தது?" என்றார். அன்றைக்கு மச்சானுக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவர்கள் ஆடியது ஒரு குழி ஆட்டம். மேசைக்கு ஆறு குழி இருந்தாலும் ஆளுக்கு ஒன்றுதான் சொந்தம். எதிர்முனையின் இரண்டு மூலைகளில் ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. பதினைந்து பந்தில் எட்டை முதலில் தன் குழியில் போட்டவர் ஜெயித்தார். வலுத்தவரும் இளைத்தவரும் மோதினால் எண்ணிக்கையை மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் பத்து போட்டாக வேண்டும், மற்றவருக்கு ஆறு போதும் என்றால் அது 'பத்துக்கு ஆறு'. எப்படி மாற்றினாலும் இரண்டும் சேர்ந்து பதினாறு வரவேண்டும் என்பது மச்சானின் பிடிவாதம். "மேசையில பதினைஞ்சுதானே இருக்கு. அப்ப யாராவது ஒருத்தன் தோத்துத்தான் ஆகணும், தப்பிக்க முடியாது."

பந்து கேட்பதற்கும், அதாவது எண்ணிக்கையில் சலுகை கேட்பதற்கும், அவர் முறை வைத்திருந்தார். தொடர்ந்து மூன்று ஞாயிறு தோற்றவருக்கே கேட்கும் உரிமை. கேட்காமல் யாரும் கொடுக்கக் கூடாது, அது அவமானம். கேட்டவுடன் கொடுத்துவிடவும் கூடாது; அது அதைவிடப் பெரிய அவமானம். பேரம் பேச வேண்டும்.

"மச்சான், பன்னிரண்டுக்கு நாலு."

"நாலா? அப்படியே தொட்டில் கட்டித் தாலாட்டும் பாடட்டுமா?"

"நீங்க அடிக்கிற அடிக்கு நாலே எனக்குப் பத்தாது."

"பதினொண்ணுக்கு அஞ்சு. முதல் அடியும் உனக்கு. பிடிச்சா எடு, பிடிக்கலைன்னா மாடிப்படி அந்தப் பக்கம்."

கண்ணைச் சுருக்கி மச்சான் சொல்லும் கணக்கு தப்பியதே இல்லை. அந்தக் கணக்கில் ஆடினால் கடைசிப் பந்து வரை இழுபறிதான். எப்படி என்று ஒருமுறை பூட்டுக்காரர் கேட்டார். "ஒருத்தனோட திறமையைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது மாப்ளே. திறமை நாளுக்கு ஒரு மாதிரி இருக்கும். தப்பைப் பார்த்துப் போடணும். அது மாறவே மாறாது."

முதன்முதலில் பன்னிரண்டுக்கு நாலில் தொடங்கியவர், இருபத்திரண்டு வருடத்தில் ஒன்பதுக்கு ஏழு வரை ஏறி வந்திருந்தார். அதில் கடைசி ஏழு வருடம் அங்கிருந்து அசையவில்லை. கேலி பேசுவதற்கு மச்சானுக்கு அது போதும். "அந்த ஏழாம் நம்பர் வீட்டுல நிரந்தரமாக் குடியேறிட்டியா?" என்பார்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் பூட்டுக்காரர் தொடர்ந்து மூன்று ஞாயிறு ஜெயித்தார். மூன்றாவது ஞாயிறு மச்சான் கோலின் நுனியில் சுண்ணக்கட்டியை வழக்கத்தைவிட நிறையத் தேய்த்தார். மேசை விளிம்பில் உள்ளங்கையை அழுத்தி ஊன்றிக்கொண்டு அடித்தார். பூட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்தார், பார்த்தும் பார்க்கவில்லை. தன் கை தேறிவிட்டது என்ற சந்தோஷம் கண்ணை மறைத்திருந்தது.

"இனி எட்டுக்கு எட்டு" என்றார் மச்சான்.

"அவசரம் என்ன மச்சான்? ஏழுல நல்லாத்தானே குடியிருக்கேன்" என்று பூட்டுக்காரர் முறைப்படி இழுத்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு வார்த்தைக்கு மேல் இழுக்கவும் முடியவில்லை. ஒப்புக்கொண்டார்.

வீட்டுப் படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். "எட்டுக்கு எட்டு! உங்க அண்ணன் வாயாலயே சொல்ல வச்சுட்டேன்!"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சந்தோஷப்படவில்லை.

"என்ன?"

"அண்ணன் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு." சட்டையின் காலரை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். "அவருக்கு வலது கை நடுங்குதுங்க. நரம்புல ஏதோ கோளாறாம். மருந்து சாப்பிட்டா கொஞ்சம் மெதுவாப் போகுமாம், ஆனா நிக்காதாம். பட்டறைக்குப் போய் மூணு மாசம் ஆச்சு. காலையில கிளம்பிப் போய் பூங்காவுல உட்கார்ந்துட்டு சாயங்காலம் வர்றாராம்."

பூட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருட ஆசை கைக்கு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அன்று இரவு முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று ஞாயிறு தோற்றுவிட்டால் பந்து கேட்கும் உரிமை தனக்கு வந்துவிடும். கேட்டு, பழையபடி ஒன்பதுக்கு ஏழுக்கே போய்விடலாம். மச்சான் மறுபடி பெரிய ஆட்டக்காரர் ஆகிவிடுவார். அந்த மேசையருகே நிற்கும் நேரத்தில் மட்டும்தான் மச்சான் வியாதிக்காரர் இல்லை. அந்த ஒரு மத்தியானத்தைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று நினைத்தார்.

முதல் ஞாயிறு தோற்றார். இரண்டாவது ஞாயிறும் தோற்றார். மூன்றாவது ஞாயிறு, பாதி ஆட்டத்தில், மச்சான் முக்காலியிலிருந்து எழுந்தார்.

"மாப்ளே, கோலைக் கீழ வை."

"ஏன் மச்சான்?"

"தப்பு பண்ணினா நீ பந்தை நடுவுலதான் போய் முட்டுவ. கல்யாணமான புதுசுலேருந்து அப்படித்தான். ஓரத்துல உரசித் தப்ப விட்டதே கிடையாது. இன்னைக்கு மூணு தடவை உரசியிருக்க." குரல் உயரவில்லை. "யார்கிட்ட கத்துக்கிட்ட இந்தப் புதுத் தப்பை?"

பூட்டுக்காரர் கையிலிருந்த சுண்ணக்கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி சொல்லிட்டாளா?"

"சொன்னா."

"ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டுற. உன் பொண்டாட்டி வாய்க்கு ஒண்ணு மாட்டத் தெரியலையா?"

கூடத்துக்காரர் கணக்கு மேசையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். மச்சான் நடுங்கும் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பையும் சேர்ந்து நடுங்கியது.

"எனக்குப் பிச்சை வேண்டாம் மாப்ளே. பந்து வேணும். இப்ப கேட்கிறேன். ஒன்பதுக்கு ஏழு. ஏழு எனக்கு."

இதுவரை அந்த வாய் பந்து வேணும் என்று கேட்டதில்லை. பூட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் கேட்டவர் காத்துக்கொண்டிருந்தார், பதிலுக்கு.

"ஏழா?" என்றார். "ஏழு கேட்கிற முகத்தைப் பாரு. எட்டுக்கு எட்டு, முதல் அடி உங்களுக்கு. பிடிச்சா எடுங்க. பிடிக்கலைன்னா..." மாடிப்படி என்ற சொல்லில் குரல் உடைந்துவிட்டது.

"அடப்பாவி!" மச்சானின் முகம் மலர்ந்தது. "ஏழே ஏழு. முதல் அடியை நீயே வச்சுக்க."

இருவரும் அதற்கு ஒத்துக்கொண்டார்கள். அன்றுதான் முதல்முறையாகப் பூட்டுக்காரர் மச்சானின் தப்பைக் கவனித்தார். அடி முடியும் இடத்தில் கோல் இடப்பக்கம் ஒரு நூலளவு இழுத்தது. அதைக் கணக்கில் வைத்து, தன்னிடம் இருந்ததையெல்லாம் போட்டு ஆடினார். கடைசிப் பந்தில் ஜெயித்தார். தன் குழிக்குள் அது விழுந்த சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருடம் முழுக்கக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. பத்துக்கு ஆறு. பிறகு பதினொன்றுக்கு ஐந்து. ஆட்டம் சுருங்கச் சுருங்கப் பேரம் நீண்டது. சில ஞாயிறு ஆடியது அரைமணி, பேசியது ஒரு மணி. மச்சான் இரண்டு கையாலும் தேநீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்காரரிடம் முறையிடுவார்: "பாருங்க சார், வியாதிக்காரனுக்குக்கூட ஒரு பந்து விட மாட்டேங்கிறான். கல்நெஞ்சுக்காரன். இவனுக்குப் போய் என் தங்கச்சியைக் கொடுத்தேன்!" வீட்டுக்குப் போனால் எல்லோரும் அவருக்கு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார்கள். பாட்டிலைத் திறந்து கொடுத்தார்கள், பொத்தானைப் போட்டுவிட்டார்கள், அவர் சொன்ன எதற்கும் மறுபேச்சு இல்லை. இந்த ஒரு கல்நெஞ்சுக்காரனைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவர் குரலில் பெருமை இருந்தது.

வெயில் திரும்பிய சமயத்தில் ஒரு ஞாயிறு. அன்று மாடி ஏறவே வெகுநேரம் பிடித்தது. மச்சான் ஒவ்வொரு படியிலும் நின்றார். ஏதோ செருப்பு வார் அறுந்தவர் மாதிரி பூட்டுக்காரரும் பின்னாலேயே நின்று நின்று வந்தார். மேலே போனதும் மச்சான் கோலின் இரண்டு துண்டுகளையும் பொருத்தப் பார்த்தார். மரை சேரவில்லை. மறுபடி திருகினார். சேரவில்லை. பூட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெருவில் ஒரு வண்டி பின்னால் வந்து திரும்பிக்கொண்டிருந்தது, அதையே பார்த்தார். இறங்கும்போது எப்படி இறங்குவார், பக்கவாட்டில் கைப்பிடி இருக்கிறதா இல்லையா என்று மனம் கணக்குப் போட்டது.

பின்னாலிருந்து, "பன்னிரண்டுக்கு நாலு" என்று கேட்டது.

"சரி மச்சான்" என்றார்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, தான் சொன்னது. திரும்பினார். கூடத்துக்காரர் துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றிருந்தது.

"இல்ல... அதாவது... நாலா? பதினொண்ணுக்கு அஞ்சே அதிகம். நாலெல்லாம் கொடுக்க நான் என்ன..."

"விடு மாப்ளே."

"வேற ஏதோ யோசனையில சொல்லிட்டேன் மச்சான். இப்பக் கேளுங்க, மறுபடி கேளுங்க."

மச்சானுக்குக் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் பூட்டுக்காரர் தாங்கிக்கொண்டிருப்பார். கோலின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்து, பையின் வாரைக் கட்ட முயன்று, கட்டாமலே தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீ ஒண்ணும் தப்பு பண்ணல. சரியான கணக்கைத்தான் சொல்லியிருக்க" என்றார். "பேரம் பேசுற அளவுக்கு இனி ஒண்ணும் மிச்சமில்ல."

பதினைந்து பந்துகளும் முக்கோணத்துக்குள் அடுக்கியபடியே இருந்தன. இருவரும் படிக்கு வந்தார்கள். முதல் படியிலேயே மச்சான் நின்று, பின்னால் பார்க்காமல், "கையைக் கொடு" என்றார். பூட்டுக்காரர் கொடுத்தார். பித்தளைத் தூள் ஏறிக் காய்த்துப்போன கைக்குள் அந்தக் கை பிடிபட்ட குருவி மாதிரி அடித்துக்கொண்டது. டயர் கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள்.

கீழே தெருவில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று பூட்டுக்காரருக்குத் தோன்றியது.

"அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு வரட்டும் மச்சான்?"

மச்சான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"எப்ப வேணா வா" என்றார். "வீட்டுக்கே வந்துடு."