ஏகாம்பரத்தின் முகம் பார்க்கக் காஞ்சிபுரம் போனேன்

காஞ்சிபுரத்துக்குக் கோயிலுக்கோ பட்டுக்கோ போவார்கள். 1974 மார்கழியில் நான் போனது, ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க. அப்போது சென்னையில் அறுவைச் சிகிச்சை மேற்படிப்பு மாணவன்.

ஏகாம்பரம் பட்டு நெசவாளி. காரமாக எதைத் தின்றாலும் முகம் குப்பென்று சிவக்கும், வயிறும் போகும். திருட்டுச் சாராயம் என்று தெருவே முடிவு கட்டியது. பாவம், மோரைத் தவிர எதையும் தொடாத மனிதர். உண்மையில் குடலில் ஒரு கட்டி, ஈரலுக்கும் பரவியிருந்தது. அன்று கார்சினாய்டு என்போம். இன்று நியூரோஎண்டோகிரைன் கட்டி என்கிறார்கள். மெல்லத்தான் வளரும், ஆனால் ஹார்மோனைச் சுரந்து ஆளை வாட்டிவிடும்.

ஈரலில் கத்தி வைக்கப் பலரும் அஞ்சிய காலம். எங்கள் பெரிய டாக்டர் குடல் கட்டியோடு ஈரலிலும் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார். எட்டு மணி நேரம். வயிற்றை விரித்துவைக்கும் கொக்கியைப் பிடித்து நின்ற எனக்குக் கை மரத்துப்போனது. ஈரலில் கட்டியின் இரண்டு சிறு புள்ளிகளை மட்டும் எடுக்க முடியவில்லை.

இரண்டு வருடமாகியும் மறுபரிசோதனைக்கு ஆள் வரவில்லை, கார்டு போட்டும் பதிலில்லை. "நீயே போய்ப் பாத்துட்டு வாப்பா" என்றார் பெரிய டாக்டர்.

பாரிமுனையில் காலை 5.10 பஸ். 75 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், இரண்டு ரூபாய் நாற்பது காசு. பிள்ளையார்பாளையம் டீக்கடையில் விசாரித்தேன்.

"ஏகாம்பரமா? அவரு இப்ப தறில குந்தறதில்ல சார்."

அதற்குமேல் கேட்காமல் நடந்தேன். தெருவுக்குள் திரும்பினால், தறியில் ஏற்றுவதற்காக நீளமாக விரித்த பாவு நூலை நீவிக்கொண்டு நிற்கிறார் ஏகாம்பரம். தறியில் குனிந்தால் மரம் தழும்பில் அழுத்துகிறதாம், அதனால் பாவு வேலைக்கு மாறிவிட்டாராம்.

வீட்டில் அவர் மனைவி எங்கள் இருவருக்கும் இட்லி வைத்தார். மிளகும் சுக்கும் தூக்கல். "கார்டு வந்துச்சு டாக்டரு. மறுபடியும் கிழிப்பீங்கன்னு பயந்துக்கினு நான்தான் ஒளிச்சி வச்சேன். முன்னல்லாம் ரெண்டு வாய்க்கே செவந்துடும். நீங்களே பாருங்க."

பார்த்தேன். அந்த அம்மாவும் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாத்துக்கினு இருக்கீங்களே, சாப்பிட உடுங்கபா" என்றார் ஏகாம்பரம்.

போகிறவர்களுக்கு: பாவு பார்க்க எட்டரைக்குள் போங்கள், வெயில் ஏறினால் சுருட்டிவிடுவார்கள். முகம் சிவந்தவரையெல்லாம் குடிகாரர் என்று சொல்லாதீர்கள், டாக்டரிடம் அனுப்புங்கள்.

குணமாகிவிட்டது என்று இன்றும் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு புள்ளிகள் உள்ளேதான் இருந்தன. திரும்பிப் போய்ப் பெரிய டாக்டரிடம், "ஆறு இட்லி சாப்பிட்டார் சார்" என்றேன்.

"மிளகு போட்டதா?"

"ஆமாம் சார்."

கேஸ் ஷீட்டை வாங்கி அவரே எழுதினார்: மிளகு இட்லி ஆறு. முகம் சிவக்கவில்லை.