குமாஸ்தா ஞானதாஸின் நுரையீரல்

ஞானதாஸின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். காலையில் மயிலாப்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஈக்காட்டுத்தாங்கல் போய்ச் சேரும்வரை அது பையில் இருக்கும். பட்டறையில் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது பேனாவும் ஆணிக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அவர் செய்த வேலைக்கும் பேனாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அவர் மணல் அடிப்பவர். வார்ப்படத்திலிருந்து வரும் இரும்புச் சாமான்கள் கரியும் பிசிறுமாக இருக்கும். அவற்றைத் தகரத் தடுப்புக்குள் வைத்து, காற்றோடு மணலைக் குழாய் வழியாகப் பீச்சி அடித்தால் இரும்பு புதுச் சில்லறை மாதிரி ஆகிவிடும். மணல் தூளாகிவிடும். தூள் எங்கே போகிறது என்று பட்டறையில் யாரும் கேட்டதில்லை. ஞானதாஸும் எதிர்ப்பக்கம் நின்று அடித்த வலியுல்லாவும் மூக்கில் பழைய புடவைத் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். புடவை ஞானதாஸின் மனைவி மர்சலினுடையது. ஒருமுறை மேற்பார்வைக்கு வந்த அதிகாரியிடம் முதலாளி சண்முகசுந்தரம் அந்தத் துண்டுகளைச் சுட்டிக்காட்டி, பாதுகாப்பு ஏற்பாடு என்றார். அதிகாரி குறித்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் தொட்டித் தண்ணீரில் குளியல். மறுபடி வெள்ளைச் சட்டை, மறுபடி பேனா. பஸ் கண்டக்டர் அவரை மட்டும் ‘சார், உள்ள போங்க’ என்பார். பக்கத்தில் நிற்கும் வலியுல்லாவுக்கு ‘யோவ், உள்ள போ’.

அறுபத்தொன்பதாம் வருஷம் மகள் பியாட்ரிஸுக்கு வரன் வந்தது. அவர்கள் போகும் மாதா கோயில் பங்கையே சேர்ந்த குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா ராஜநாயகம் பள்ளிக்கூட வாத்தியார். அதிகம் பேசமாட்டார். நகை கேட்கவில்லை. பெண்ணின் தகப்பனாருக்கு என்ன உத்தியோகம் என்று மட்டும் கேட்டார். ஞானதாஸ் வாயைத் திறப்பதற்குள் மர்சலின், கம்பெனியில் குமாஸ்தா என்று சொல்லிவிட்டாள். சொன்ன வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியாது. ஆகவே அதற்கு அத்தாட்சியாக ஒரு கடிதம் வாங்க ஞானதாஸ் முதலாளியிடம் போய் நின்றார்.

சண்முகசுந்தரம் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்.

“எழுத்துக்கு என்னய்யா செலவு? எழுதிட்டாப் போச்சு. ஆனா கடுதாசியில ஒண்ணு, ரெஜிஸ்டர்ல ஒண்ணுன்னு இருக்கப்படாது. நீ ஒரு விண்ணப்பம் எழுதிக் குடு. ரெண்டையும் சரி பண்ணிருவோம்.”

அந்த வருஷம் ஞானதாஸ் சம்பள உயர்வு கேட்பதாக இருந்தார். பதவி உயர்வு கிடைத்துவிட்டது. இரண்டையும் ஒரே வருஷத்தில் எதிர்பார்ப்பது அழகல்ல. மூன்று ஞாயிறு பூசையில் கலியாண ஓலை வாசித்தார்கள். ‘குமாஸ்தா ஞானதாஸின் மகள்’ என்று சாமியார் சொன்னபோது மர்சலின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். மறுநாள் காலை குமாஸ்தா வழக்கம்போல் மணல் அடிக்கப் போனார்.

வினை அதோடு முடியவில்லை. பங்குச் சபைக்குக் காரியதரிசி தேவைப்பட்டது. நம் சம்பந்தி குமாஸ்தாவாக இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று ராஜநாயகம் எழுந்து முன்மொழிந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்குக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிற பொறுப்பு வந்தது. ஞானதாஸ் சின்னப் பிள்ளைகள் எழுதிப் பழகும் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். ஞாயிறு மத்தியானங்களில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். சுழிக்கு நாலு நாள், கொம்புக்கு ஒரு வாரம். ஒரு வருஷத்தில் எழுத்து முத்து முத்தாக வந்துவிட்டது. சபையின் குறிப்புப் புத்தகத்தைத் தன் வகுப்புக்கு எடுத்துப்போய், எழுத்து என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று ராஜநாயகம் பையன்களுக்குக் காட்டினார். உலகத்தில் எந்தக் குமாஸ்தாவும் அவ்வளவு அழகாக எழுதமாட்டான். அவனுக்கு வேலை இருக்கிறது.

எழுபத்து மூன்றில் இருமல் வந்தது. கச்சேரி ரோட்டில் நடந்தால் பாதியில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, யாரையோ எதிர்பார்ப்பவர்போல நிற்க வேண்டியிருந்தது. காச நோய் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று மர்சலின் அவரைச் சன்னலோரம் இருமவிடவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு சின்ன வயது டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ரவை தூவின மாதிரி இருந்தது.

“இது டிபி இல்லை. கல்தூள். இதுக்கு மருந்து இல்லீங்க, சட்டம்தான் இருக்கு. எழுதிப் போடுங்க. ஆயுசுக்கும் மாசாமாசம் பணம் வரும்.”

வேலைக்கு இனிப் போக முடியாது. வீட்டில் வேறு சம்பாதிப்பவர் இல்லை. வந்தால் அந்த உதவித்தொகை, வராவிட்டால் மகளின் வீட்டு வாசல். ஞானதாஸ் தானே மனு எழுதினார். எழுத்தைப் பார்த்து ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் அசந்துபோனார்.

தொழிலாளர் காப்பீட்டு அலுவலகம் தேனாம்பேட்டைப் பக்கம். எது என்று கேட்கவேண்டாம், எல்லா அலுவலகத்திலும் அதே மேஜைதான். மேஜைக்குப் பின்னால் சங்கரன். நல்ல மனிதர், மயிலாப்பூர்க்காரர். பட்டறையிலிருந்து வந்த விவரத் தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“குமாஸ்தான்னா போட்டிருக்கு? குமாஸ்தாவுக்கு இந்த வியாதி வரப்படாதே. அட்டவணையில இல்லை.”

“வந்துட்ச்சே சார்.”

“வந்துடுத்துங்கறது வேற. வரலாமாங்கறதுதான் இங்க கேள்வி.”

சொல்லிவிட்டு அவரே வழியும் சொன்னார். ஒன்று, முதலாளி திருத்திக் கடிதம் தரவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் உடன் வேலை செய்தவர், இன்னொருவர் ஊரில் மதிப்புள்ளவர்: வாத்தியார், சாமியார் மாதிரி.

சண்முகசுந்தரம் ஞானதாஸை உட்காரவைத்து மோர் கொடுத்தார். பிறகு ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். எதையும் ஒழுங்காக வைத்திருப்பவர் அல்லவா.

“இது உன் விண்ணப்பம்தானே? நீ கேட்டே, நான் செஞ்சேன். இப்ப அது பொய்யின்னு எழுதிக் குடுன்னா, உள்ள போறது யாரு?” என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டுவிட்டு, இரண்டு ஆப்பிளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்.

சாமியாரிடம் போகலாம் என்றால், பீடத்தில் நின்று குமாஸ்தா என்று மூன்று முறை வாசித்தவர் அவர்தான். மிஞ்சியவர்கள் வலியுல்லாவும் ராஜநாயகமும்.

வலியுல்லா கேட்டவுடன் கையெழுத்துப் போட்டார். வேலை போனாலும் போகட்டும் என்றார். “இன்னிக்கு உனுக்கு நான் சாட்சி, நாளிக்கு எனுக்கு நீ. அதுக்குள்ள செத்துகித்துத் தொலைக்காத நைனா” என்று சொல்லிவிட்டுத் தானும் இருமினார்.

ராஜநாயகத்திடம் போகக் கூடாது என்று மர்சலின் வாசலை மறித்தாள்.

“பொண்ணு அந்த வூட்ல தல நிமுந்து நடந்துகினு கீது. நீ மூச்சு வுடறதுக்கோசரம் அது தல குனியணுமா?”

பதில் சொல்ல ஞானதாஸுக்கு மூச்சு போதவில்லை. எனவே விவாதத்தில் அவள் ஜெயித்தாள்.

மருத்துவக் குழு இரண்டாவது மாடியில். நுரையீரல்காரர்களை அங்கேதான் கூப்பிடுவார்கள். படிக்கு இரண்டு நிமிஷமாக ஏறினார் ஞானதாஸ். ஒரு பக்கத்தை வலியுல்லா தாங்கிக்கொண்டே காதில் ஓதினார்: எழுதச் சொன்னாலும் சொல்லுவான்கள், கோழி கிளறினாற்போலக் கிறுக்கிவிடு, கைநாட்டு வைத்தால் இன்னும் உத்தமம், மனுவை வேறு ஆள் எழுதியது என்று சொல்லிக்கொள்ளலாம். ஞானதாஸ் தலையாட்டினார். அப்படித்தான் செய்வதாக இருந்தார்.

உள்ளே மூன்று டாக்டர்கள். ஓரத்தில் சங்கரன், ஃபைலோடு. எக்ஸ்ரேயில் சந்தேகமே இல்லை, கல்தூள்தான் என்றார்கள் மூவரும். ஆனால் ஆள் குமாஸ்தா என்கிறது தாள், இல்லை என்கிறது ஒரே ஒரு சாட்சி. நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார்.

“என்ன வேலை பார்த்தேன்னு நீயே எழுது.”

ஞானதாஸ் பேனாவை எடுத்தார். கிறுக்கவேண்டும். அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புக் கை ஒன்று அவருக்குள் எங்கேயோ இருந்திருக்கும், அதைக் கூப்பிட்டுப் பார்த்தார். நாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் குறுக்கே நின்றன. படித்தவர்கள் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சுழியைக் கோணலாகப் போட அவருக்கு மனம் வரவில்லை. வாழ்க்கையில் அவர் செய்ததிலேயே யாராவது மெச்சியது அது ஒன்றுதான்.

‘நான் பதினேழு வருஷம் மணல் அடித்தேன். குமாஸ்தா வேலை ஒரு நாளும் பார்த்ததில்லை’ என்று எழுதினார். வரி நூல் பிடித்த மாதிரி இருந்தது.

தாள் மூன்று கைக்கும் போய்வந்தது. பெரியவர் மெதுவாகச் சிரித்தார். “மணல் அடிச்ச கைங்களா இது?” என்று மற்றவர்களைக் கேட்டார். எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை. எழுத்தைப் படித்தார்கள். சங்கரன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. நோய் உண்டு, வேலையால் வந்ததல்ல. பின்னே எதனால் வந்தது என்று அதில் போடவில்லை. மெரினாவில் காற்று வாங்கப் போனபோது வந்திருக்கலாம்.

அதன்பின் ஞானதாஸ் பத்து மாதம் உயிரோடு இருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுருட்டிய பாயில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். மர்சலின் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அந்த வீடுகள் மகளின் தெருவில் இல்லாதபடி பார்த்துக்கொண்டாள். எழுபத்தைந்தில், பொங்கல் கழிந்த வாரம், உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, கோயில் பதிவேட்டில் எழுத உபதேசியார் மர்சலினைக் கூப்பிட்டார். துணைக்கு ராஜநாயகம் வந்து நின்றார். பெயர், வயது எழுதியாயிற்று.

“தொழில் குமாஸ்தா” என்று உபதேசியார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பேனாவைத் தாளில் வைத்தார்.

“இல்ல” என்றாள் மர்சலின். “மணலு அட்சாரு. கடசி வரிக்கும் அதான்.” சொல்லிவிட்டுச் சம்பந்தியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியும் சம்பந்தியம்மா” என்றார் ராஜநாயகம். “பெண் பார்க்க வந்த அன்னிக்கே தெரியும். அவர் காது மடிப்புல வெள்ளைத் தூள் இருந்தது. முப்பது வருஷம் சாக்பீஸோட இருக்கேன், எனக்குத் தெரியாதா?”

மர்சலின் நிமிர்ந்தாள்.

“தெர்ஞ்சா, ஒரு வார்த்த கேக்கலியே நீங்க.”

“நீங்க சொல்லலியே. சொல்லாததை எப்படிக் கேட்கிறது, மரியாதையா இருக்காதேன்னு விட்டுட்டேன்.”

உபதேசியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மணல் என்றே எழுதலாமா என்று கேட்டார். எழுதச் சொன்னாள். உபதேசியாரின் எழுத்து கோழி கிளறினாற்போல இருந்தது.