ஆடி கழியட்டும், எக்கா

ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்குகிற தொழிலில் நான் ஒரு ஓரத்தில் இருக்கிறேன். பேரம் பேசுகிற பெரிய மனுஷர்கள் கண்ணாடி ரூமுக்குள் ஏசியில் இருப்பார்கள். நான் வெளியே கம்ப்யூட்டர் முன்னால். விற்கிற கம்பெனி தன் கணக்கு, ஒப்பந்தம், ஆள் விவரம் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி, டேட்டா ரூம் என்கிற பூட்டுப் போட்ட இணையதளத்தில் ஏற்றிவிடும். வாங்குகிறவர்களுக்காக அதைப் படித்து இன்னொரு சாஃப்ட்வேரில் போடுவது என் வேலை. அது ரெண்டு கம்பெனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். ஒரே வேலைக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருந்தால் ஒரு கட்டம் பச்சையாகும், மற்றது சிவப்பாகும். சிவப்பு என்றால் அந்த ஆள் வேண்டாம் என்று அர்த்தம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நிறத்தோடு சரி.

போன மழைக்காலத்தில் வந்த வேலைக்கு ஒரு மாம்பழத்தின் பெயரை வைத்திருந்தார்கள். நிஜப் பெயர் வெளியே போகக்கூடாதாம். உள்ளே போய்ப் பார்த்தால் இங்கே பம்பாயில் என் அக்கா வேலை பார்க்கிற கம்பெனி. நேரே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர்தான். முடிவெடுக்கிறது நீ இல்லை, வேலையைப் பார், ஆனால் வீட்டில் ஒரு வார்த்தை போனால் வேலையும் போகும் கேஸும் வரும் என்று ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னார்.

ஆள் விவரத்தில் பெயர் இருக்காது, நம்பர்தான். வாஷி ஆபீஸ், அக்கவுண்ட்ஸ், தெரிந்த மொழிகள் தமிழ், ஹிந்தி, மராட்டி. இதற்குப் பெயர் வேறு வேணுமாக்கும். அந்தக் கட்டம் சிவப்பு. நிறம் மாறிவிடாதா என்ற நப்பாசையில் அவள் டிபார்ட்மெண்ட் ஃபைலைத் தினமும் திறந்து எதையாவது தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த வாரம் பார்த்து அக்கா ஃபோன் பண்ணினாள். செம்பூரில் ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூம், கிச்சன் உள்ள வீடு விலை படிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து எழுதப்போகிறோம் என்றாள். தாராவியில் மழைக்கு மழை தண்ணீர் ஏறுகிற வீட்டில் இத்தனை வருஷம் கிடந்தவள். அத்தானுக்கு லெதர் பட்டறை, சம்பள ஸ்லிப் கிடையாது. லோன் முழுக்க அக்கா வேலையை நம்பித்தான். "செம்பூர்னா வாஷிக்கு ஒரே ட்ரெய்ன்ல போயிரலாம்ல" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஆடி மாசம்லா எக்கா. ஆடியில போய் யாராவது வீடு வாங்குவாங்களா?"

நான் ராகு காலத்தில் பைக் டெலிவரி எடுத்தவன். அம்மா கத்தக் கத்த அதிலேயே ஏறிப் போனவன். அக்காவுக்கு அது தெரியாதா?

"நீ எப்பலருந்துல ஆடியெல்லாம் பாக்க?" என்றாள்.

"வயசாகுதுல்லா" என்றேன்.

அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. ஏஜெண்ட் மராட்டிக்காரர், ஷ்ராவண் பிறக்கப்போகிறது, எழுத அதைவிட நல்ல மாசம் உண்டா என்று அவரை உசுப்பிவிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் நேரிலேயே போனேன். ஆடியில் வீடு வாங்கின ஒருத்தருக்குச் சுவரெல்லாம் ஒழுகுகிறது என்று ஒரு கதையை அவிழ்த்துவிட்டேன். "பம்பாய்ல எந்த மாசம் வாங்கினாலும் ஒழுகத்தாம்ல செய்யும்" என்றார் அத்தான். எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அக்கா சாயா ஆற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "தம்பி இவ்வளவு சொல்லுதாம்லா, ஆடி கழியட்டும்" என்றாள். அத்தான் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். என் நடிப்பில் எனக்கே ஒரு பெருமை. அப்பாடா என்று டம்ளரை வாங்கிக் குடித்தேன்.

வீடு வேறு யாருக்கோ போய்விட்டது. ஆடி முடிவதற்குள் கம்பெனியை விற்ற செய்தியும் வந்தது. வாஷி அக்கவுண்ட்ஸில் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், அக்காவையும் சேர்த்து. கடைசி நாள் அவளை மாட்டுங்காவுக்கு வரச் சொன்னேன். ஒரு காபிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். இனி மறைக்க ஒன்றுமில்லையே என்று ஆரம்பித்தேன். "எக்கா, எனக்கு முன்னாடியே..."

"தெரியும்ல" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எங்க ஆபீஸ்லருந்து டேட்டா ரூம்ல அந்த ஃபைலெல்லாம் ஏத்தினது யாருன்னு நெனச்ச? நான்தான். வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்க, அத்தான்கிட்டகூட மூச்சு விடலை. உங்க பக்கத்துல யாரு எதைத் தொறந்து பாக்காங்கன்னு காலையில எனக்கு ரிப்போர்ட் வரும். எங்க டிபார்ட்மெண்ட் ஃபைல்ல தெனமும் உம்பேரு. அதுக்கு மேல நீ ஆடின்னு சொல்லுத. எனக்குப் புரியாதா?"

ரிப்போர்ட் போகும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அதைப் படிக்கிறவள் அவளாக இருப்பாள் என்று புத்தியில் படவே இல்லை.

"அப்ப ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?" எனக்கு அழுகை முட்டியது, கோபமாகத்தான் கேட்டேன்.

"கேட்டா நீ சொல்லிருவல்லா. உனக்கு எங்கிட்ட மறைக்க வராது. சொன்னேன்னு தெரிஞ்சா உன் வேலையும் போயிரும். நம்மள்ல ஒருத்தருக்காவது வேலை நிக்கட்டும்னுதான் வாயை மூடிக்கிட்டேன்."